கைப்பிடி ஏன் மேலே போகிறது?

கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் பூமி பெரும்பாலும் சமதரை. ஹேண்ட் பிரேக் போட மறந்தாலும் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். ஆகவே அதில் கோளாறு இருந்தாலும் இங்கே எளிதில் தெரிவதில்லை. அதே வண்டி தீப்பெட்டிப் பண்டல்களை ஏற்றிக்கொண்டு செங்கோட்டையைத் தாண்டி, ஆரியங்காவு மலைச் சாலையில் நிற்கும்போது தெரியும். அங்கே தெரிவது ஆபத்து.

பின் பிரேக்கில் வேலை பார்த்த பிறகு இக்கோளாறு அடிக்கடி வருகிறது. காரணம், நீங்கள் பாடத்தில் படித்த நெம்புகோல்தான்.

2019 வரை தயாரான மாருதி ஆம்னி வேனை எடுத்துக்கொள்வோம். அதன் பின்சக்கரங்களில் டிரம் பிரேக். டிரம் என்பது சக்கரத்தோடு சுழலும் இரும்புக் கிண்ணம். அதனுள்ளே லைனிங் ஒட்டிய, பிறை வடிவ ஷூக்கள் இரண்டு. கைப்பிடியைத் தூக்கினால் கேபிள் இழுபடும். உள்ளிருக்கும் சிறு நெம்புகோல் ஷூக்களை விரித்து டிரம்மோடு அழுத்தும்.

சுமையுடன் வண்டி 1000 கிலோ என்று கொள்வோம். 10 மீட்டருக்கு 1 மீட்டர் ஏறும் சரிவில், அதைக் கீழே இழுக்கும் விசை 100 கிலோ எடைக்குச் சமம். சக்கரத்தின் ஆரம் டிரம்மின் ஆரத்தைப் போல் 3 மடங்கு என்றால், டிரம்களில் 300 கிலோ அளவு உராய்வு வேண்டும். உராய்வுக் குணகம் 0.3 என்றால், நான்கு ஷூக்களும் சேர்ந்து 1000 கிலோ அளவுக்கு அழுத்த வேண்டும்! ஒரு கையால் முடிகிற காரியமா? கைப்பிடி 6 மடங்கும், உள் நெம்புகோல் 5 மடங்கும் விசையைப் பெருக்குவதால் முடிகிறது.

ஆனால் நெம்புகோல் எதையும் இலவசமாகத் தருவதில்லை. விசை 30 மடங்கானால், நகர்வு 30இல் ஒரு பங்காகும். ஷூக்களுக்கும் டிரம்முக்கும் இடையே மொத்தம் 1 மி.மீ. இடைவெளி கூடினாலும், கைப்பிடி 30 மி.மீ. அதிகமாக உயர வேண்டும். கைப்பிடி உச்சிக்குப் போய்விடும், பிடிப்பு இராது.

இதற்குச் சிலர் கேபிளை மட்டும் இழுத்து முடுக்கிவிடுகிறார்கள். சோம்பேறி வைத்தியம்! ஷூக்கள் தம் இருப்பிடத்துக்குத் திரும்பாமல் டிரம்மை உரசிக்கொண்டே இருக்கும், லைனிங் வெந்துபோகும்.

முறை இதுதான். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கல் முட்டுக் கொடுக்க வேண்டும். ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களைத்தானே பிடிக்கிறது. அவற்றை ஜாக்கியில் தூக்கிவிட்டால் வண்டியைப் பிடிக்க வேறென்ன இருக்கிறது? பிறகு கேபிளைத் தளர்த்தி, ஷூ இடைவெளியைச் சரிசெய்து, கால் பிரேக்கைப் பலமுறை மிதித்து ஷூக்களை இடத்தில் அமர்த்த வேண்டும். கடைசியில்தான் கேபிள். எத்தனை ‘கட்’ ஒலிக்குள் பிடிக்க வேண்டும் என்பதை வண்டியின் கையேட்டில் பார்க்கலாம். விடுவித்ததும் இரு சக்கரங்களும் தடையின்றிச் சுழல வேண்டும். டிரம்மில் உள்ள தூசியை மட்டும் ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் கல்நார் உண்டு, நுரையீரலுக்குக் கேடு.

எல்லாம் செய்தும் ஒரு சக்கரம் மட்டும் பிடிக்கவில்லையா? லைனிங்கில் எண்ணெய் கசிந்திருக்கலாம். இல்லையேல் நம் கரிசல்தான் குற்றவாளி. கேபிள் உறையின் கிழிசல் வழியே புகுந்த சேறு, உள்ளே காய்ந்து கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். கம்பி இழுபடாது, இழுபட்டாலும் திரும்பாது. சில கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, இரு டிரம்களின் அருகிலும் தொடாமல் உள்ளங்கையைக் காட்டிப் பாருங்கள். எந்தப் பக்கம் அனல் அடிக்கிறதோ, அந்தப் பக்கக் கேபிளை முதலில் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.