பால் உணவகத்தில் மீன் எப்படி?

கேள்வி: நியூயார்க்கில் யூதர்களின் உணவு விதிப்படி நடக்கும் ‘கோஷர்’ பால் உணவகங்களில் இறைச்சி கிடையாது, மீன் மட்டும் உண்டே, ஏன்?

பதில்: ஆட்டுக்குட்டியை அதன் தாயின் பாலில் சமைக்கலாகாது என்று யூதரின் வேதமாகிய தோராவில் மூன்று இடங்களில் வரும் கட்டளையை, ரபிகள் எனப்படும் சமய அறிஞர்கள், இறைச்சியையும் பாலையும் சேர்த்து உண்பதற்கே தடையாக விரித்தனர், ஆனால் மீனை அவர்கள் இறைச்சியாகக் கொள்ளவில்லை. ஆகவே துடுப்பும் செதிலும் உள்ள மீன், முட்டையையும் காய்கறியையும் போல ‘பார்வே’ என்னும் பொதுவகையில் அடங்குகிறது. ஸ்பெயின் வழிவந்த ஸெபார்டி யூதருள் சிலரோ அதையும் பாலோடு சேர்ப்பதில்லை. நியூயார்க்கின் இரண்டாம் அவென்யூவில் 1938இல் தொடங்கப்பட்ட இத்தகைய பால் உணவகமான ‘பி அண்ட் எச் டெய்ரி’யில், பாலாடைக்கட்டியை உள்ளே வைத்து மடித்துப் பொரிக்கும் மெல்லிய அப்பமாகிய பிளின்ட்ஸ் பெயர்பெற்றது. இறைச்சி உண்டவரோ, தம் சமூக வழக்கைப் பொறுத்து, அதைச் சுவைக்க ஆறு மணி நேரம் வரைகூடக் காத்திருக்க வேண்டும்.