கொலஸ்ட்ரால் – நண்பனா, பகைவனா?

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி



கொலஸ்ட்ரால் என்பது வயதானவர்களுக்கும் பருமனானவர்களுக்கும் மட்டுமே வரும் தொல்லை என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். சென்ற ஆண்டு என் தந்தைக்கு 42 வயதில் மாரடைப்பு வந்தது. இறைவன் அருளால் பிழைத்தார். "பிள்ளைகளுக்கும் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள்" என்றார் மருத்துவர். ஒல்லிக்குச்சியான எனக்கு 214 என்று வந்தது!

கொலஸ்ட்ரால் மெழுகு போன்ற கொழுப்புப் பொருள். செல்களின் சவ்வுக்கும், ஹார்மோன்களுக்கும், வைட்டமின் டி உண்டாவதற்கும் அது தேவை. பெரும்பகுதியை நம் உடலே தயாரித்துக்கொள்கிறது. அதை இரத்தத்தில் சுமந்து செல்லும் வண்டிகளில் முக்கியமானவை இரண்டு. எல்.டி.எல். மிகுந்தால் இரத்தக் குழாய்ச் சுவரில் கொழுப்புப் படியும், எச்.டி.எல். மிஞ்சியதைக் கல்லீரலுக்குத் திரும்பக் கொண்டு சேர்க்கும். நம் வயதினருக்கு 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் மொத்தக் கொலஸ்ட்ரால் 170 மில்லிகிராமுக்குக் கீழே இருப்பது நலம். 200-ஐ எட்டினால் அதிகம்.

சிலருக்கு இது பரம்பரையாக வருகிறது. எல்.டி.எல்.-ஐ இரத்தத்திலிருந்து உள்ளே இழுக்கும் செல்களின் 'வாயில்கள்' அவர்களுக்குக் குறைவு. இதைக் கண்டறிந்த பிரவுன், கோல்ட்ஸ்டைன் என்னும் அமெரிக்க அறிஞர்கள் 1985-இல் நோபல் பரிசு பெற்றனர். தாய், தந்தை இருவரிடமிருந்தும் இக்குறை வந்தால் நிலைமை மிகக் கொடியது. டெக்சாஸ் சிறுமி ஸ்டார்மி ஜோன்ஸுக்கு 1984-இல், ஆறு வயதிலேயே, இதயமும் கல்லீரலும் ஒருசேர மாற்றப்பட்டன. புதிய கல்லீரல் வேலை செய்யத் தொடங்கியதும் அவளது கொலஸ்ட்ரால் வெகுவாகக் குறைந்தது. 1990 வரை அவள் வாழ்ந்தாள்.

நாம் செய்ய வேண்டியது என்ன? திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் பொரித்த பண்டங்களையும் வனஸ்பதியையும் குறைக்க வேண்டும். நம் சேலத்துத் தட்டுவடை செட்டை அன்றாடம் உண்ணாமல் என்றோ ஒருநாள் உண்ணலாம். ராகிக் களி, கொள்ளு, கீரை, கொய்யா ஆகியவற்றின் நார்ச்சத்து கொழுப்பை வெளியேற்ற உதவும். நாள்தோறும் ஒரு மணி நேரம் ஓடியாடி விளையாட வேண்டும். வளரும் வயதில் பட்டினி கிடப்பது தவறு. பரம்பரைக் குறை உள்ளவர்களுக்கு உணவு மட்டும் போதாது; மருத்துவர் தரும் மாத்திரையும் தேவைப்படும்.

ஆறு மாதத்தில் என் 214, 192 ஆயிற்று. இன்னும் குறைய வேண்டும். பெற்றோர்களே, குடும்பத்தில் இளவயதில் மாரடைப்பு வந்தவர் உண்டா? உண்டெனில் உங்கள் பிள்ளைகளையும் பரிசோதியுங்கள்.

வெள்ளம் வருமுன் அணை போடுவோம், இதயம் காப்போம்!