மாடல் ரயில் பெட்டிக்கு விளக்கு: டிகோடர் இணைக்கும் முறை

நம் சங்கத்துக் குடும்பங்களில் நாலைந்து வீடுகளில் இப்போது மாடல் ரயில் ஓடுகிறது. பிள்ளைகள் பெயரைச் சொல்லி வாங்கிவிட்டு அப்பாக்கள் ஓட்டுவதும் உண்டு. என்ஜினுக்கு முன்விளக்கு எரிகிறது, ஹாரன்கூட ஒலிக்கிறது; பின்னால் வரும் பெட்டிகள் மட்டும் இருட்டாகப் போகின்றன. "மாமா, பெட்டிக்குள்ளே லைட் எரிய வைக்க முடியாதா?" என்று கேட்கிற பிள்ளைகளுக்குத் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடுவது மேல் என்று தோன்றியது. ரயில்வேயில் டிரெயின் லைட்டிங் பிரிவில் பல வருஷம் வேலை பார்த்தவன் என்பதால், பெரிய பெட்டியில் தொடங்கிச் சின்னப் பெட்டிக்கு வருகிறேன்.

நாம் வருஷா வருஷம் ஊருக்குப் போய் வந்த பழைய நீலப் பெட்டிகளில், அதாவது பெரம்பூர் ஐ.சி.எஃப். பெட்டிகளில், விளக்குக்கான மின்சாரம் என்ஜினிலிருந்து வரவில்லை. பெட்டியின் அடியில் ஆல்டர்னேட்டர் ஒன்று தொங்கும். அதைச் சக்கரத்தின் அச்சு பெல்ட் மூலம் சுற்றும். சாதாரணப் பெட்டிக்கு 4.5 கிலோவாட். அதோடு 110 வோல்ட் பாட்டரி. வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டர் விளக்கையும் எரித்து பாட்டரியையும் சார்ஜ் செய்யும். ஸ்டேஷனில் நிற்கும்போது பாட்டரி கொடுக்கும். ராஜதானி போன்ற வண்டிகளில் பவர் கார் என்று தனிப் பெட்டியில் டீசல் ஜெனரேட்டர் வைத்து 750 வோல்ட்டில் வண்டி முழுக்கக் கொண்டு போனார்கள். இப்போது பல வண்டிகளில் அந்த 750 வோல்ட்டை மின்சார என்ஜினே தருகிறது. எந்த முறையானாலும் பெட்டிக்குள் எங்கோ ஒரு பாட்டரி காத்துக்கொண்டிருக்கும்.

மாடல் பெட்டியில் அந்த பாட்டரி இல்லை. சக்கரம் தண்டவாளத்தைத் தொட்டால்தான் மின்சாரம். ஒரு தூசி குறுக்கே வந்தால் விளக்கு சிமிட்டும். இந்த வேலையில் பாதிப் பாடுபடுவது டிகோடரோடு அல்ல, இந்தச் சிமிட்டலோடுதான். அதை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

டிகோடர் என்பது என்ன? பழைய முறை மாடல் ரயிலில் தண்டவாளத்து வோல்டேஜைக் கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்றுவார்கள். வண்டி நின்றால் வோல்டேஜ் இல்லை, விளக்கும் இல்லை. டிஜிட்டல் முறையில் தண்டவாளத்தில் எப்போதும் முழு வோல்டேஜ் இருக்கும், எச்.ஓ. அளவு மாடலுக்குச் சுமார் 14, 15 வோல்ட். அதன் திசை மட்டும் ஒரு விநாடிக்குப் பல ஆயிரம் தடவை மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு பக்கமும் 58 மைக்ரோ செகண்டு நின்று மாறினால் அது 'ஒன்று'; 100 மைக்ரோ செகண்டோ அதற்கு மேலோ நின்று மாறினால் 'பூஜ்யம்'. இப்படி மின்சாரத்திலேயே கட்டளையை எழுதி அனுப்புகிறார்கள். தந்தியடித்த காலத்து ரயில்வேக்காரர்களுக்கு இது உடனே புரியும். அமெரிக்காவின் என்.எம்.ஆர்.ஏ. என்ற மாடல் ரயில் சங்கம், ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனத்து முறையை அடிப்படையாகக் கொண்டு 1990-களில் இதைப் பொதுத் தரமாக்கியது. அதனால்தான் ஒரு கம்பெனி கட்டுப்பாட்டுப் பெட்டியில் இன்னொரு கம்பெனி டிகோடர் வேலை செய்கிறது. டிகோடர் தன் எண்ணுக்கு வரும் கட்டளையை மட்டும் எடுத்துக்கொண்டு விளக்கைப் போடும், அணைக்கும். பெட்டிக்கு மோட்டார் வேண்டாம் என்பதால் 'ஃபங்ஷன் டிகோடர்' என்று கேட்டு வாங்குங்கள். மோட்டார் டிகோடரைவிட இது பெரும்பாலும் மலிவு.

முதல் வேலை சக்கரம். நம் வீடுகளில் போகி என்றால் பெட்டி. ரயில்வேயில் போகி என்பது பெட்டியின் அடியில் இருக்கும் நாலு சக்கர வண்டி. இங்கே இரண்டாவது அர்த்தத்தில் சொல்கிறேன். பிளாஸ்டிக் சக்கரமாக இருந்தால் உலோகச் சக்கரம் மாற்ற வேண்டும். அச்சின் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் இன்சுலேட் ஆகியிருக்கும். முன் போகியின் இரண்டு அச்சுகளையும் வலது தண்டவாளத்திலிருந்தும், பின் போகியின் இரண்டு அச்சுகளையும் இடது தண்டவாளத்திலிருந்தும் எடுக்கும்படி திருப்பிப் போடுவது எளிய வழி. எட்டுச் சக்கரத்திலிருந்தும் எடுத்தால் இன்னும் நல்லது. பாஸ்பர் பிரான்ஸ் தகட்டை மெல்லிசாக வெட்டி, சக்கரத்தின் உள்பக்கம் லேசாக உரசும்படி வைக்கலாம். லேசாக என்பதை அழுத்திச் சொல்கிறேன். தகடு இறுக்கிப் பிடித்தால் அது பிரேக் ஆகிவிடும். ஆறு பெட்டி சேர்ந்தால் என்ஜின் திணறும்.

இனி ஒயர் நிறங்கள். சிவப்பு வலது தண்டவாளம், கறுப்பு இடது தண்டவாளம். நீலம் எல்லா விளக்குக்கும் பொதுவான பாசிட்டிவ். வெள்ளை, மஞ்சள், பச்சை, ஊதா நான்கும் தனித்தனி விளக்குகளின் மறுமுனை. சாவியை அமுக்கும்போது டிகோடர் அந்தந்த ஒயரை உள்ளே நெகட்டிவோடு சேர்க்கும், விளக்கு எரியும். எல்.இ.டி.யின் நீண்ட கால் நீலம் பக்கம், குட்டைக் கால் நிற ஒயர் பக்கம்.

நீல ஒயரின் உரித்த முனை தண்டவாளத்தையோ சக்கரத்தையோ தொடவே கூடாது. தொட்டால் டிகோடருக்குள் இருக்கும் டையோடு வழியாக நேர் ஷார்ட். வெள்ளை, பச்சை ஒயர்களும் அப்படித்தான். விளக்கு போட்ட நிலையில் தண்டவாளத்தைத் தொட்டால் உள்ளே டிரான்சிஸ்டர் கருகும். நமக்குத் தெரிந்த பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் பொங்கலுக்குக் கிடைத்த பணத்தையெல்லாம் சேர்த்து டிகோடர் வாங்கினான். பயன்படாத ஊதா ஒயரின் முனையை மூடாமல் பெட்டிக்குள் சுருட்டி வைத்திருந்தான். சாவியை அமுக்கினான், வாசனை வந்தது, அவ்வளவுதான். சில ஆயிரம் ரூபாய்ச் சாமான். அவன் அதற்குப் பிறகு ஒரு மாதம் ரயில் பெட்டியைத் தொடவில்லை என்று அவன் அம்மா சொன்னார். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுதான். பயன்படாத ஒயர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஸ்லீவ் போட்டுச் சூடுகாட்டி மூடுங்கள். இன்சுலேஷன் டேப் வேண்டாம். டெல்லி வெயிலில் அதன் பசை இளகிக் கழன்றுவிடும்.

விளக்குக்குக் கணக்குப் போடுவோம். எச்.ஓ. அளவு என்றால் 87-இல் ஒரு பங்கு, 21.3 மீட்டர் ஐ.சி.எஃப். பெட்டி ஏறக்குறைய 24.5 சென்டிமீட்டர் ஆகும். (தண்டவாளம் மட்டும் 16.5 மில்லிமீட்டர்தான். நம் அகலப் பாதையான 1676 மில்லிமீட்டரை 87-ஆல் வகுத்தால் 19-க்கு மேல் வரும். நம் ஊர் வண்டி மாடலில் கொஞ்சம் ஒல்லிக் காலோடு நிற்பது இதனால்தான்.) இந்த நீளத்துக்கு ஆறு வெள்ளை எல்.இ.டி. போதும். மூன்று மூன்றாக இரண்டு வரிசை. ஒன்றுக்கு 3 வோல்ட் என்றால் ஒரு வரிசைக்கு 9 வோல்ட். நீலத்துக்கும் நெகட்டிவுக்கும் இடையே 13 வோல்ட் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால் மீதி 4 வோல்ட்டை ரெஸிஸ்டர் தாங்க வேண்டும். 5 மில்லி ஆம்பியர் போதும் என்றால், 4-ஐ 0.005-ஆல் வகுக்க 800 ஓம். கடையில் 820 ஓம் கிடைக்கும். கால் வாட் தாராளம். இரண்டு வரிசைக்கும் சேர்த்து ஒரு பெட்டிக்கு 10 மில்லி ஆம்பியர். பழைய கோதுமை மணி பல்பு ஒன்றே இதைப்போலப் பல மடங்கு இழுக்கும், சூட்டில் பெட்டியின் கூரையும் வளையும். அந்த பல்பை இன்னும் சிலர் 'அதுதான் அசல் வெளிச்சம்' என்கிறார்கள். இளமஞ்சள் எல்.இ.டி. வாங்கினால் அதே வெளிச்சம்தான். டியூப் லைட் காலத்துப் பெட்டி என்றால் பளீர் வெள்ளை போடுங்கள். இந்தச் சில்லறைச் சாமான்கள் எல்லாம் லாஜ்பத் ராய் மார்க்கெட்டில் கிடைக்கும்.

எந்த ஒயரில் எந்த விளக்கு? கிட்டத்தட்ட எல்லாரும் வெள்ளை ஒயரில் உள்விளக்கைக் கொடுத்துவிட்டு, வண்டி பின்னால் போகும்போது பெட்டி இருட்டாகிறது என்று வருகிறார்கள். வெள்ளையும் மஞ்சளும் என்ஜினின் முன், பின் விளக்குக்கென்று ஏற்பட்டவை. திசையைப் பொறுத்து ஒன்று அணைந்து ஒன்று எரியும். அதனால் உள்விளக்கைப் பச்சையில் கொடுங்கள். அது முதல் எண் சாவிக்கு வரும், திசை பார்க்காது. ஊதா ஒயரில் இரவு நீல விளக்கு. எல்லாரும் படுத்த பிறகு நடைவழியில் எரியுமே, அதேதான். ஒற்றை நீல எல்.இ.டி., 10 கிலோ ஓம் ரெஸிஸ்டர். பிரகாசம் இன்னும் குறைய வேண்டுமானால் 22 கிலோ ஓம். பச்சையை அணைத்து ஊதாவைப் போட்டால் மேஜை மேல் ராத்திரி வண்டி போகிறது!

வெள்ளை ஒயரைக் கடைசிப் பெட்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே சிவப்பு வால்விளக்கு. வண்டி முன்னோக்கிப் போகும்போதுதான் எரியும், அதுதான் சரி. அசல் வண்டியில் கடைசிப் பெட்டியின் பின்னால் 'எல்.வி.' பலகையும் மினுக்கும் சிவப்பு விளக்கும் இருக்கும். கடந்து போகும் ஸ்டேஷனில் அதைப் பார்த்துத்தான் வண்டி முழுசாக வந்துவிட்டது, நடுவில் பெட்டி எதுவும் கழன்று நிற்கவில்லை என்று தெரிந்துகொள்வார்கள். பல டிகோடர்களில் மினுக்கும் வசதியும் உண்டு. கூட வரும் தாளில் எந்த சி.வி.யில் எந்த எண் எழுத வேண்டும் என்று போட்டிருக்கும்.

சி.வி. என்பது டிகோடரின் ஞாபகத்தில் உள்ள எண் போட்ட அறை. முதல் அறையில் அதன் விலாசம். புதிதாக வரும்போது 3 என்று இருக்கும். பெட்டிக்கும் என்ஜினுக்கும் ஒரே விலாசம் கொடுத்துவிடுவது என் விருப்பம். என்ஜின் எந்தத் திசையில் போகிறது என்று பெட்டிக்கும் தெரிந்தால்தானே வால்விளக்கு சரியாக எரியும்? ஆனால் விலாசம் எழுதும்போது புரோகிராமிங் பாதையில் பெட்டி மட்டும் நிற்க வேண்டும். என்ஜினும் இருந்தால் அதிலும் எழுதிவிடும்.

இந்த இடத்தில் பலரும் டிகோடர் கெட்டுவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். எழுதியதும் டிகோடர் 'சரி' என்று பதில் சொல்ல வேண்டும். 6 மில்லி செகண்டுக்கு 60 மில்லி ஆம்பியர் கூடுதலாக இழுப்பதே அந்தப் பதில். என்ஜினில் மோட்டார் இழுக்கும். நம் பெட்டியிலோ 10 மில்லி ஆம்பியர் விளக்குதான். கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் பதில் எட்டாமல் பிழை என்று காட்டும். நீலத்துக்கும் வெள்ளைக்கும் நடுவே தற்காலிகமாக 180 ஓம், அரை வாட் ரெஸிஸ்டர் ஒன்றைக் கவ்விவிட்டு எழுதிப் பாருங்கள். சில டிகோடர்கள் வேறு ஒயரில் பதில் தரும், தாளைப் பாருங்கள். வேலை முடிந்ததும் அதை மறக்காமல் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சூடாகிப் பிளாஸ்டிக்கை உருக்கும்.

இனி நம் பாட்டரிக்குப் பதில், கண்டென்சர். 1000 மைக்ரோ ஃபாரட், 25 வோல்ட். 16 வோல்ட் வாங்காதீர்கள், விளிம்பில் நிற்கும். நீல ஒயரிலிருந்து 220 ஓம் ரெஸிஸ்டர் வழியாகக் கண்டென்சரின் பாசிட்டிவுக்கு. நெகட்டிவ் பச்சை ஒயருக்கு. ரெஸிஸ்டருக்கு இணையாக ஒரு 1என்4148 டையோடு, அதன் கோடு போட்ட முனை நீலம் பக்கம். ரெஸிஸ்டர் எதற்கு? காலியான கண்டென்சர் முதல் கணத்தில் ஷார்ட் போலவே இழுக்கும். 220 ஓம் இருந்தால் அது 60 மில்லி ஆம்பியருக்குள் அடங்கும், 100 மில்லி ஆம்பியர்தான் தாங்கும் டிகோடர் ஒயரும் பிழைக்கும். டையோடு, திரும்பக் கொடுக்கும்போது தடையில்லாமல் விடுவதற்கு. 10 மில்லி ஆம்பியர் விளக்குக்கு இந்தக் கண்டென்சரில் ஒரு விநாடிக்கு 10 வோல்ட் என்ற கணக்கில் இறங்கும். கால் விநாடிச் சிமிட்டலை நன்றாகவே மறைக்கும். கண்டென்சரைத் தலைகீழாகக் கொடுத்தால் வெடிக்கும். சிறு பிள்ளைகள் செய்யும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்து இந்த ஒரு இணைப்பை மட்டுமாவது சரிபாருங்கள். டிகோடரையும் கண்டென்சரையும் கழிவறைப் பகுதிக்குள் வைத்துவிடலாம். அங்கே ஜன்னல் கண்ணாடி மங்கலானது, வெளியே தெரியாது.

ஒரே டிகோடரால் மூன்று நான்கு பெட்டிக்கு விளக்குக் கொடுக்க முடியுமா என்று கேட்பார்கள். முடியும். பெட்டிக்குப் பெட்டி நீலமும் பச்சையும் இரண்டு ஒயர் போனால் போதும். சிவப்பையும் கறுப்பையும் கூடவே இணைத்துச் சக்கரங்களைப் பெருக்கலாம் என்ற ஆசை வரும். ஒரு பெட்டியை என்றைக்காவது திருப்பி வைத்துவிட்டால் வலது இடதாகி, இரண்டு தண்டவாளமும் அந்த ஒயர் வழியாகவே ஷார்ட் ஆகும். கழற்றவே போவதில்லை என்ற தொகுப்புக்கு மட்டும் அதைச் செய்யுங்கள். இணைப்பு பின்னையும் ஒரே பக்கமாகத்தான் நுழையும்படி வாங்குங்கள்.

கூரையை மூடுவதற்கு முன் மீட்டரை ஓம் நிலையில் வைத்து நீலத்திலிருந்து ஒவ்வொரு சக்கரத்துக்கும், நிற ஒயர் ஒவ்வொன்றிலிருந்தும் ஒவ்வொரு சக்கரத்துக்கும் பாருங்கள். முள் பூஜ்யத்துக்கு ஓடினால், அல்லது டிஜிட்டல் மீட்டர் கூவினால், எங்கோ தொடுகிறது. அது சரியான பிறகு பெட்டியைத் தண்டவாளத்தில் வைத்து, கையால் மெல்லத் தள்ளியபடி விளக்கைப் பாருங்கள். ஒரே இடத்தில் சிமிட்டினால் அழுக்கு தண்டவாளத்தில். எல்லா இடத்திலும் சிமிட்டினால் சக்கரத்தில். இரண்டுக்கும் ஐஸோ புரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பழைய வேட்டித் துணியே போதும்.