56 என்ற எண்ணை நம்பி ரோடு பைக் வாங்காதீர்கள்

சிறுசேரி சிப்காட்டில் வேலை, ஞாயிறு விடியலில் கேளம்பாக்கம், கோவளம் வழியாக மாமல்லபுரம் வரை ஒரு மிதி. இதற்காகத்தானே நீங்களும் ரோடு பைக் தேடுகிறீர்கள்? அப்படியானால் கடைக்காரர் சொல்லும் சைஸைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். எனக்கு விற்றவர் ஏற இறங்க ஒரு பார்வை பார்த்தார். “அஞ்சடி எட்டு அங்குலம் இருப்பீங்க சார், 56 கண்ணை மூடிக்கிட்டு எடுக்கலாம்.” அன்று அவர் கடையில் மிச்சம் இருந்ததே 56தான் என்பது பணம் கட்டிய பிறகுதான் தெரிந்தது.

நெம்மேலி தாண்டுவதற்குள் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துவிடும்; பிடரி கடுக்கும். “போகப் போகப் பழகிடும்” என்றார்கள் ஆபீஸ் நண்பர்கள். பழகவில்லை. ஜெல் கிளவுஸ், புது சீட், ஹேண்டில்பாரைப் பிடிக்கும் 100 மி.மீ. ஸ்டெம்முக்குப் பதில் 70 என்று காசுதான் கரைந்தது. ஸ்டெம் குட்டையானதும் ஹேண்டில்பார் வெடுக்கென்று திரும்ப ஆரம்பித்தது. சீட்டை முன்னால் தள்ளினேன், முழங்கால் வலி வந்தது. காலுக்காக வைக்க வேண்டிய சீட்டைக் கைக்காக நகர்த்தினால் வேறென்ன நடக்கும்?

அந்த 56 முதலில் குறித்தது சீட்டைத் தாங்கும் சீட் டியூபின் நீளத்தை, சென்டிமீட்டரில். மேல் பார் தரைக்குச் சமமாக இருந்த காலத்தில் அதற்கு அர்த்தம் இருந்தது. 1990-களில் மைக் பரோஸ் ஜயண்ட் கம்பெனிக்காகச் சரிந்த மேல் பாருடன் டி.சி.ஆர். என்ற ரோடு பைக்கை வடிவமைத்தார். அந்தப் பாணி பரவிய பிறகு சைஸ் எண் வெறும் பெயராகிவிட்டது. (நம் அப்பாக்கள் 22 இஞ்ச், 24 இஞ்ச் என்று கேட்டு வாங்கினார்கள், நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் வண்டிக்கு அது போதும்.)

பார்க்க வேண்டியவை இரண்டே அளவுகள்: ஸ்டாக், ரீச். டேன் எம்ஃபீல்ட் என்ற அமெரிக்கர் பரப்பிய முறை இது. பெடல்களைத் தாங்கும் கிராங்க்கின் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட்டின் மையத்திலிருந்து ஃப்ரேமின் முன்குழாயான ஹெட் டியூபின் உச்சி எவ்வளவு உயரம் என்பது ஸ்டாக். எவ்வளவு முன்னால் என்பது ரீச்.

அளக்க ஒரு டேப் போதும். சமதளத் தரையில் பின் சக்கரம் சுவரைத் தொட வண்டியை நேராக நிறுத்துங்கள். சுவரிலிருந்து பாட்டம் பிராக்கெட் மையம் வரை என் வண்டியில் 74.5 செ.மீ.; சுவரிலிருந்து ஹெட் டியூப் உச்சியின் நடுப்புள்ளி வரை 114. கழித்தால் ரீச் 39.5. தரையிலிருந்து இதே புள்ளிகள் 27, 83.5. ஸ்டாக் 56.5. டேப்பைச் சாய்க்காதீர்கள், கொத்தனாரின் தூக்குக்குண்டு கிடைத்தால் இன்னும் நல்லது. முக்கியமாக, ஸ்டெம்முக்கு அடியில் இருக்கும் ஸ்பேசர் வளையங்களைச் சேர்க்கக் கூடாது. என் கடைக்காரர் பிற்பாடு ஸ்டெம்மின் தலை வரை அளந்து காட்டி, “பாருங்க, உயரம் சரியாத்தானே இருக்கு” என்று சாதித்தார். ஸ்பேசர் போட்டால் ஹேண்டில்பார் பின்னாலும் வரும். ஹெட் டியூப் 73 டிகிரி என்றால் 10 மி.மீ. ஸ்பேசருக்குச் சுமார் 3 மி.மீ.

எனக்குக் கால் நீளம், உடம்பு குட்டை. அதனால் சீட் உயரும், கை எட்டாது. வேறொரு கம்பெனியின் நெடுந்தூர ரக 54-ஐ அளந்தேன்: ரீச் 37.5, ஸ்டாக் 57. எண் சிறியது, முன்பக்கம் என் 56-ஐவிட உயரம்! 56-ஐ நஷ்டத்துக்குத் தள்ளிவிட்டு அதை வாங்கினேன். பைக் ஃபிட் செய்பவர்களிடம் போகச் சொன்னார்கள்; போகவில்லை. ஃப்ரேமே தப்பாக இருந்தால் அவர்களும் ஸ்டெம்மைத்தான் மாற்றுவார்கள்.

சீட் உயரத்துக்குக் கிரெக் லெமாண்ட் பிரபலமாக்கிய கணக்கு இருக்கிறது: உள்கால் நீளத்தை 0.883-ஆல் பெருக்கினால் பாட்டம் பிராக்கெட்டிலிருந்து சீட் வரையான உயரம். தொடக்கத்துக்கு அது போதும்.

இப்போது ஓட்டும் வண்டியை, பழைய சைக்கிளாக இருந்தாலும், முதலில் அளந்து எழுதி வையுங்கள். அந்தக் குறிப்போடும் ஒரு டேப்போடும் கடைக்குப் போங்கள். டேப்பை எடுத்ததும் முகம் சுளிக்கிற கடையில் வாங்காதீர்கள்.