ஒரே கார்டு, பல கட்டணம்

சுங்கை பஞ்சாங் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களிலிருந்து புறப்பட்டு, சிகிஞ்சான், தஞ்சோங் காராங், கோலசிலாங்கூர் என்று ஊர்களையெல்லாம் கடந்து சுங்கை பூலோ நிலையத்தில் வந்து இறங்குகிற எங்களுக்குத்தான், 'டச் அண்ட் கோ' கார்டின் சௌகரியமும் அதன் குறையும் ஒருங்கே புலப்படும். ஆஸ்பத்திரிக்கும் உறவினர் வீட்டு விசேஷங்களுக்குமாகப் பல வருஷங்கள் இவ்வழியே பிரயாணம் செய்த அனுபவத்தில் சொல்கிறேன்: கார்டு ஒன்றாகிவிட்டதே தவிர, கட்டணம் இன்னும் ஒன்றாகவில்லை.

இதன் காரணம் அந்தக் கார்டின் பிறப்பிலேயே இருக்கிறது. 1997-ஆம் ஆண்டில் ஹாங்காங்கில் தோன்றிய 'ஆக்டோபஸ்' கார்டு, ரயிலும் பஸ்ஸும் நடத்தியவர்களே கூடிப் பிரயாணிகளுக்கென்று ஏற்படுத்தியது. அதே ஆண்டில் நம் மலேசியாவில் தோன்றிய 'டச் அண்ட் கோ'வோ டோல் சாவடியில் கார்க்காரர்களுக்காகப் பிறந்து, பிற்பாடு ரயிலேறியது. கொம்யூட்டர் ரயில் 1995-இலும், ஸ்டார் ரயில் 1996-இலும், புத்ரா 1998-இலும், மோனோரயில் 2003-இலும் தனித்தனி ஸ்தாபனங்களாக வந்தபடியால், மஸ்ஜிட் ஜாமேக் நிலையத்தில் ஒரு ரயிலிலிருந்து இன்னொன்றுக்கு மாற வெளியே வந்து மறுபடி டிக்கெட் வாங்க வேண்டியிருந்தது. 2011-இல்தான் அந்த இடைஞ்சல் நீங்கிற்று.

இன்று எல்.ஆர்.டி., எம்.ஆர்.டி., மோனோரயில் மூன்றுக்கும் ஒரே கணக்கு. ஆனால் பஸ்ஸிலிருந்து இறங்கி ரயிலேறினால் கட்டணம் புதிதாகத் தொடங்கும். சுங்கை பூலோவில் எம்.ஆர்.டி.யும் கொம்யூட்டரும் அருகருகே இருந்தும் கொம்யூட்டருக்குத் தனிக் கதவு, தனிக் கணக்கு. மாதம் 50 வெள்ளிக்கு அளவில்லாமல் பிரயாணம் செய்ய விடும் 'மை50' பாஸும் ரேப்பிட் கே.எல். நிறுவனத்தின் ரயில், பஸ்களோடு நின்றுவிடுகிறது, கொம்யூட்டருக்கோ எங்கள் பக்கத்துத் தனியார் பஸ்ஸுக்கோ அது செல்லாது. தினசரி நகருக்குள் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு அது பெரும் அனுகூலம்; எப்போதாவது போகும் என் போன்றோருக்கு வீண் செலவு.

ஒரு நாள் சுங்கை பூலோவில், தோட்டத்துப் பாட்டி ஒருவர் தம் கார்டைத் தட்டிப் பேரனை முதலில் உள்ளே அனுப்பிவிட்டு, தமக்காக மறுபடி தட்டினார். கதவு திறக்கவில்லை, சிவப்பு விளக்குதான் எரிந்தது. "பாட்டி, ஒரு கார்டுக்கு ஒரு ஆள்தான். தம்பிக்கு டோக்கன் எடுத்திருக்கணும்" என்றாள் அங்கிருந்த பணிப்பெண். "காசு உள்ளதானம்மா இருக்கு, ரெண்டு பேருக்கும் வெட்டிக்க வேண்டியதுதானே?" என்று பாட்டி கேட்டது முற்றும் நியாயமான கேள்வி. எங்கே ஏறினார், எங்கே இறங்கினார் என்று ஓர் ஆளின் கணக்கை மட்டுமே கார்டு நினைவில் வைத்துக்கொள்ளும் என்பதை அந்த அம்மாளுக்கு யார் சொல்லியிருந்தார்கள்?

இப்படி யாரும் எடுத்துச் சொல்லாத விஷயங்கள் இன்னும் சில உண்டு. கார்டில் பணம் நிரப்புவதை நிலையத்து இயந்திரத்திலேயே செய்வது விவேகம். பெட்ரோல் நிலையங்களிலும் கடைகளிலும் அதற்கென்று தனிக் காசு பிடிப்பதுண்டு. தட்டும்போது கார்டைப் பர்ஸிலிருந்து வெளியே எடுத்துவிட வேண்டும். மற்றக் கார்டுகளோடு சேர்ந்திருந்தால் இயந்திரம் தடுமாறும். ரேப்பிட் பஸ்ஸில் ஏறும்போது தட்டுவதோடு இறங்கும்போதும் தட்ட வேண்டும். அறுபது வயது கடந்தவர்கள் சலுகைக் கார்டு பெறாமல் முழுக் கட்டணம் கொடுத்துக்கொண்டிருப்பதை நான் பிரத்தியட்சமாகக் கண்டிருக்கிறேன். அவர்கள் விசாரித்து வாங்கிக்கொள்வது நலம்.

சென்னையிலும் இதே போல 'சிங்காரச் சென்னை' அட்டை 2023 ஏப்ரலில் மெட்ரோ ரயிலில் தொடங்கி, 2025 ஜனவரியில் மாநகரப் பஸ்களுக்கு வந்திருக்கிறது. அங்குள்ள நிர்வாகிகளுக்கும் இங்குள்ளவர்களுக்கும் என் விண்ணப்பம் ஒன்றுதான்: பஸ்ஸிலிருந்து ரயிலுக்கு மாறுகிறவரிடம் இரண்டு முறை ஆரம்பக் கட்டணம் வாங்குவதை நிறுத்துங்கள், கார்டில் பணம் நிரப்பும் இயந்திரம் ஒன்றைக் கோலசிலாங்கூரைப் போன்ற சிறு பட்டணத்துப் பஸ் நிலையங்களிலும் வையுங்கள்.