மலையேற்றமும் மனவுறுதியும்

இராஜபாளையத்தில் வாழும் நாம் நாடோறும் மேற்குத் தொடர்ச்சி மலையைக் காண்கின்றோம். ஸ்ரீவில்லிபுத்தூர் செல்லுங்கால் ஏறத்தாழ 192 அடி உயர்ந்த கோபுரத்தை அண்ணாந்து நோக்குகின்றோம். அத்தகைய கோபுரங்கள் நூற்றைம்பதை ஒன்றன்மேலொன்றாக அடுக்கின், எவரெஸ்டுச் சிகரத்தின் உயரமாகிய 29,032 அடியை ஒருவாறு எட்டும். இவ்விரண்டு ஊர்களும் அடங்கிய விருதுநகர் மாவட்டத்திற் பிறந்த முத்தமிழ்ச்செல்வி என்னும் பெண்மணி, 2023-ஆம் ஆண்டு மே மாதம் 23-ஆம் நாள் அச்சிகரத்தை அடைந்தார். தமிழ்நாட்டுப் பெண்டிருள் அதனை முதன்முதல் எய்தியவர் இவரே. இவர் சென்னையில் ஜப்பானிய மொழி கற்பித்த ஆசிரியை. இரு மக்கட்குத் தாய். இளமை தொட்டு மலையேறிப் பழகியவர் அல்லர்.

"நம்மால் இயலுமோ?" என்று ஐயுறும் மாணாக்கர் ஈண்டுக் கற்கத்தக்கது யாது? துணிவு ஒன்றே எவரையும் அவ்வுச்சியில் ஏற்றிவிடாது. ஆங்கு ஒரு மூச்சிற் கிடைக்கும் பிராணவாயு, கடற்கரையிற் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே. சமவெளியினின்று ஒருவரைத் திடீரென அங்கே கொண்டுபோய் விடின், சில நிமிஷங்களில் அறிவிழந்து வீழ்வர். ஆயின் படிப்படியாக ஏறுவோரின் உடல் தன்னைத் திருத்திக்கொள்கின்றது. முதலில் மூச்சு விரைகின்றது. பின்னர்ச் சிறுநீரகங்களிற் சுரக்கும் ஒரு நீர், எலும்பின் உள்ளீட்டைத் தூண்டிச் செங்குருதி அணுக்களைப் பெருக்குகின்றது. இதற்கு வாரங்கள் வேண்டும். ஆதலின் 10,000 அடிக்கு மேற் செல்வோர், துயிலும் இடத்தை நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,600 அடிக்கு மேல் உயர்த்தலாகாது என்பர் வல்லோர். பகலில் உயர ஏறி, இரவில் தாழ இறங்கி உறங்குவதும் அவர்தம் வழக்கம்.

ஆகவே முதல் நாளின் இளைப்பு நமது எல்லையன்று. உடல் இன்னும் பழகவில்லை என்பதன் அறிகுறியே அது. நீச்சலோ, கூடைப்பந்தோ, நெடுந்தூர ஓட்டமோ புதிதாகத் தொடங்கி முதல் வாரத்திலேயே கைவிடுவோர், தம் வலிமையை அளந்தறியாமலே தம்மைத் தோற்றவராகத் தீர்த்துக்கொள்கின்றனர்.

ஆயினும் இன்னொன்றும் மறத்தலாகாது. ஏறத்தாழ 26,000 அடிக்கு மேல் எவருடலும் பழகுவதில்லை. தங்கத் தங்கத் தேய்வதே உண்டு. தலைநோவும் வாந்தியும் மிகுந்து நடை தள்ளாடின், இறங்குதலே உயிர் காக்கும் வழி. காலத்தில் இறங்காது மாண்டோர் பலர். எனவே களைப்பையும் ஆபத்தையும் பகுத்தறிதலே பயிற்சியின் தலையாய பயன் என்க. களைப்பெனின் நாளையும் வருவோம்; ஆபத்தெனின் இன்றே திரும்புவோம்.

மாலையில் மைதானத்தின் ஓரத்தே நின்று பார்ப்பதை விடுத்து, இவ்வாண்டு யாதேனும் ஒரு புதிய ஆட்டத்தில் இறங்கி, ஒரு மாதமேனும் தவறாது பயில்வோமாக. அதன்பின்னரே நம் எல்லை இதுவென உரைக்கும் உரிமை நமக்கு உண்டாகும்.