களியக்காவிளைக்கு ஒரு எம்.பி., பாறசாலைக்கு வேறொருவர்

கேள்வி: பாறசாலையில் இருக்கும் எங்களுக்குத் திருவனந்தபுரம் தொகுதி, கூப்பிடு தூரத்தில் களியக்காவிளையில் இருக்கும் உறவினருக்குக் கன்னியாகுமரி தொகுதி. இதை இப்படிப் பிரித்தது யார்?

பதில்: தேர்தல் ஆணையம் அல்ல, 1956-ன் மாநிலச் சீரமைப்புதான்.

அதற்கு முன் எல்லாமே திருவிதாங்கூர்-கொச்சி. முதல் பொதுத்தேர்தலில் திருவனந்தபுரத்தில் ஆனி மஸ்கரீனும், நாகர்கோவிலில் நேசமணியும் வென்றது அந்த ஒரே மாநிலத்துக்குள்தான். நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நெய்யாற்றின்கரையையும் சென்னை மாநிலத்தோடு சேர்க்கக் கேட்டது, கிடைக்கவில்லை. 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்கு வந்தன. அவற்றோடு நாகர்கோவில் தொகுதியும் இடம் மாறியது. தமிழ் பேசும் குடும்பங்கள் இருபுறமும் இருக்க, கோடு நடுவே விழுந்தது.

மக்களவை இடங்கள் மாநிலவாரியாக ஒதுக்கப்படுவதால் எந்தத் தொகுதியும் மாநில எல்லையைத் தாண்ட முடியாது. ஜெர்மனியிலும் இதே விதிதான். ஆனால் அங்கே, ஒரு தொகுதியின் மக்கள்தொகை சராசரியிலிருந்து 25 சதவீதத்துக்கு மேல் விலகினால் எல்லையைத் திருத்தியே ஆக வேண்டும். நம் எல்லைகளோ 2001 கணக்கெடுப்பின்படி 2008-ல் வரைந்தவை. நாகர்கோவில் தொகுதி கன்னியாகுமரி என்று பெயர் மாறியதும் அப்போதுதான். பாறசாலை, நெய்யாற்றின்கரை இரண்டும் திருவனந்தபுரத்தின் ஏழு சட்டமன்றத் தொகுதிகளில் அடக்கம்.

வாக்குப்பதிவு நாள்கூட ஒன்றல்ல. 2024-ல் உங்கள் உறவினர் ஏப்ரல் 19 அன்றே வாக்களித்துவிட்டார். உங்கள் முறை ஏப்ரல் 26-ல்தான் வந்தது.